எரிவாயுச் சந்தையை எந்த வரிசையில் கட்டுவது? இந்திய அனுபவத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கொச்சியில் 2013-இல் ஒரு எல்.என்.ஜி. (குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு) முனையம் தயாரானது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் திரவ எரிவாயுவை இறக்கி, மறுபடி வாயுவாக்கி அனுப்பும் திறன் அதற்கு இருந்தது. செலவு 4,000 கோடி ரூபாய்க்கு மேல். கப்பல் வந்தது, தொட்டியும் நிறைந்தது. அங்கிருந்து வெளியே கொண்டுபோக நீண்ட குழாய்தான் இல்லை. பக்கத்தில் இருந்த உரத் தொழிற்சாலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை என்று ஒரு சிலர் மட்டும் வாங்கினார்கள். மங்களூரு வரையிலான 450 கி.மீ. குழாய் 2021 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பெரும்பாலும் அந்த முனையம் தன் திறனில் பத்தில் ஒரு பங்குகூட ஓடவில்லை.

வளரும் நாடுகளின் எரிவாயுத் திட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான் தடுமாறுகின்றன. செய்த வேலை ஒவ்வொன்றும் தேவையான வேலைதான், செய்த வரிசைதான் தவறு. இலங்கையின் கெரவலப்பிட்டியில் எரிவாயுவிலும் ஓடும்படி அமைத்த 300 மெகாவாட் மின் நிலையம் 2010-இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. நாட்டுக்கு எரிவாயு வராததால் அது எண்ணெயை எரித்துக்கொண்டிருக்கிறது. இந்த வழிகாட்டியில் வரிசைக்கு முதலிடம் கொடுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. இந்தியா இதில் வெற்றிக்கதை என்று சொல்ல மாட்டேன். 2030-க்குள் மொத்த எரிசக்தியில் எரிவாயுவின் பங்கை 15 சதவீதமாக்குவது இலக்கு, இப்போது இருப்பதோ சுமார் 6 சதவீதம். அதனாலேயே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

படி 1: வாங்குபவரிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

பூமிக்கடியில் எவ்வளவு வாயு இருக்கிறது என்ற கேள்வியோடு தொடங்காதீர்கள். யார், எந்த ஊரில், என்ன விலை வரை வாங்குவார் என்று தொடங்குங்கள். ஒவ்வொரு வாங்குநருக்கும் ஒரு விலை வரம்பு உண்டு. இப்போது எரிக்கும் எரிபொருளின் விலைதான் அந்த வரம்பு. பெட்ரோல், டீசல் எரிக்கும் வண்டிக்காரர் அதிக விலை தாங்குவார். ஃபர்னஸ் ஆயில் எரிக்கும் ஆலை கொஞ்சம் குறைவாகத் தாங்கும். நிலக்கரி எரிக்கும் மின் நிலையம் அநேகமாகத் தாங்கவே தாங்காது.

அளவையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு வீட்டு அடுப்புக்கு நாளொன்றுக்கு அரை கன மீட்டர் போதும். 1,000 மெகாவாட் மின் நிலையம் முழுத் திறனில் ஓடினால் நாளொன்றுக்கு 40 முதல் 50 லட்சம் கன மீட்டர் குடிக்கும். அதாவது ஒரு மின் நிலையமும் தொண்ணூறு லட்சம் வீடுகளும் ஒன்று. வீடுகளை மட்டும் நம்பி நெடுந்தூரக் குழாய் போட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடையாது. முதல் நாளிலிருந்தே பெரிய அளவில் எடுக்கும் இரண்டு மூன்று வாங்குநர்கள் வேண்டும். துறையில் இதை ஆங்கர் லோடு என்பார்கள். இந்தியாவில் அந்த இடத்தில் நின்றவை யூரியா ஆலைகள். ஹஜிராவிலிருந்து விஜய்ப்பூர் வழியாக ஜகதீஷ்பூர் போகும் முதல் பெரும் குழாய், 1980-களின் பிற்பகுதியில், வழிநெடுக இருந்த உர ஆலைகளையும் மின் நிலையங்களையும் நம்பித்தான் போடப்பட்டது. அதை நடத்தத்தான் 1984-இல் கெயில் என்ற அரசு நிறுவனம் உருவானது.

இன்னொரு வகை வாங்குநர் சட்டத்தால் உருவாகிறார். டெல்லிப் பேருந்துகள் எல்லாம் சி.என்.ஜி.க்கு (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) மாற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் உத்தரவிட்டது. கெடு தாண்டி, பம்புகளில் மணிக்கணக்கில் வரிசை நின்று, 2002 இறுதியில்தான் மாற்றம் முடிந்தது. ஆனால் அந்த உத்தரவுதான் டெல்லியில் ஒரு நகர எரிவாயு நிறுவனத்தைக் காலூன்ற வைத்தது.

சட்டத்தால் வரும் வாங்குநரும் விலையால் ஓடிப்போகலாம். குஜராத்தின் மோர்பி, ஓடு (டைல்ஸ்) தயாரிக்கும் ஊர். அங்கிருந்த நிலக்கரி வாயுவாக்கிகளை மூடச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டதும் ஊரே இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. 2022-இல் உலக விலை எகிறியதும் ஆலைகள் புரொப்பேன் என்ற வேறொரு எரிபொருளுக்குத் தொட்டிகளை வைத்துக்கொண்டன. குழாய் அப்படியே கிடக்க, வாங்குநர் கைமாறிவிட்டார். உங்கள் தேவைப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'என்ன விலை வந்தால் இவர் போய்விடுவார்' என்று ஒரு பத்தி சேருங்கள். அந்தப் பத்தி இல்லாத தேவை அறிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

படி 2: வாயு எங்கிருந்து வரும்? ஒரே கூடையை நம்பாதீர்கள்

ஆந்திரக் கடற்கரைக்கு அப்பால் கிருஷ்ணா கோதாவரிப் படுகையின் டி6 பகுதியில் 2002-இல் பெரும் வாயு கண்டறியப்பட்டது. 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கி, அடுத்த ஆண்டு நாளொன்றுக்கு 6 கோடி கன மீட்டரைத் தொட்டது. அது 8 கோடி ஆகும் என்று நம்பி நாடு முழுக்க எரிவாயு மின் நிலையங்கள் எழுந்தன. வங்கிகள் கடன் கொடுத்தன. காக்கிநாடாவிலிருந்து குஜராத்தின் பரூச் வரை சுமார் 1,400 கி.மீ. குழாயும் போடப்பட்டது. அப்புறம் உற்பத்தி சரிந்தது, சில ஆண்டுகளிலேயே உச்சத்தின் சிறு பகுதிக்கு வந்துவிட்டது. 2015 வாக்கில் 14,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட மின் நிலையங்கள் வாயு இல்லாமல் சும்மா நின்றன. குழாயும் பெரும்பாலும் காலியாகவே ஓடியது.

பாடம் நேரானது. ஒரே வயலின் உற்பத்தி முன்கணிப்பை வைத்து நாட்டின் மின் திட்டத்தை எழுதாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டு உண்மையான உற்பத்தி அளவைப் பார்த்த பிறகே, அந்த வாயுவை மட்டும் நம்பிய ஆலைகளுக்கு அனுமதி கொடுங்கள்.

இறக்குமதி என்றால் ஒப்பந்தம்தான் எல்லாம். நீண்டகால எல்.என்.ஜி. ஒப்பந்தங்களில் விலை பெரும்பாலும் கச்சா எண்ணெயோடு கட்டப்பட்டிருக்கும். பிரெண்ட் என்ற கச்சா எண்ணெய் பீப்பாய் 80 டாலர், ஒப்பந்தச் சரிவு (எண்ணெய் விலையில் எத்தனை சதவீதம் என்ற விகிதம்) 12 சதவீதம் என்றால் ஒரு எம்.எம்.பி.டி.யூ. (எரிவாயுவை விற்கும் வெப்ப அளவு, அதாவது ஏறத்தாழ 27, 28 கன மீட்டர்) 9.60 டாலர். கீழே வரும் டாலர் விலைகளும் இந்த அளவுக்குத்தான். கூடவே 'எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்டு' என்ற நிபந்தனை வரும்.

கத்தாரோடு இந்தியாவின் எல்.என்.ஜி. இறக்குமதி நிறுவனமான பெட்ரோநெட் 1999-இல் 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. 2004-இல் குஜராத்தின் தஹேஜ் முனையத்துக்கு வாயு வரத் தொடங்கியது. 2015-இல் உடனடிச் சந்தையின் (நீண்ட ஒப்பந்தம் இல்லாமல் அவ்வப்போது கப்பல் கப்பலாக வாங்கும் சந்தை) விலை விழுந்தபோது, ஒப்பந்த விலை அதைவிட மிக மேலே நின்றது. இந்தியா குறைவாக எடுத்தது. ஒப்பந்தப்படி கட்ட வேண்டிய அபராதம் ஆயிரக்கணக்கான கோடி. பேச்சுவார்த்தையில் கத்தார் விலைச் சூத்திரத்தை மாற்றியது, அபராதத்தையும் விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு இந்தியா விட்ட அளவைப் பின்னால் எடுக்கவும், கூடுதலாக ஆண்டுக்கு 10 லட்சம் டன் வாங்கவும் ஒப்புக்கொண்டது. அதே கத்தாரோடு 2048 வரை ஒப்பந்தம் 2024-இல் நீட்டிக்கப்பட்டது. ஆனால் பெரிய, வளரும் வாங்குநர் என்ற பலம் இருந்ததால்தான் இது முடிந்தது. சிறிய நாடு என்றால் விலை மறுபரிசீலனைப் பிரிவை ஒப்பந்தத்திலேயே முன்கூட்டி எழுதி வாங்கிவிடுங்கள்.

உடனடிச் சந்தையை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? 2020 கோடையில் ஆசிய விலை 2 டாலருக்கு அருகில் கிடந்தது. 2022-இல் 50 டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டு ஜூலையில் வங்கதேசம் உடனடிக் கொள்முதலை நிறுத்திவிட்டு மின்வெட்டை அறிவித்தது. பாகிஸ்தான் விட்ட டெண்டர்களுக்கு விற்க ஆளே வரவில்லை. என் கணிப்பில் அடிப்படைத் தேவையில் மூன்றில் இரண்டு பங்கையாவது நீண்ட, நடுத்தர ஒப்பந்தங்களில் வைத்திருப்பது நல்லது. அந்த ஒப்பந்தங்களும் ஒரே ஆண்டில் முடியாமல், ஒரே விற்பனையாளரிடம் குவியாமல் இருக்க வேண்டும்.

முனையத்தின் இடத்தைத் தேர்வு செய்யும்போது கடலையும் பாருங்கள். மகாராஷ்டிரத்தின் தாபோல் முனையத்தில் அலைத்தடுப்புச் சுவர் முடியாததால், பல ஆண்டுகள் மழைக்காலத்தில் கப்பல் அணைய முடியவில்லை. ஆண்டில் நான்கு மாதம் மூடும் கடைக்கு யார் வாடிக்கையாளர் ஆவார்?

படி 3: முதல் உரிமத்துக்கு முன் சட்டமும் வாரியமும்

இந்தியா பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியச் சட்டத்தை 2006-இல் இயற்றியது. வாரியம் 2007 அக்டோபரில் அமைந்தது. ஆனால் குழாய்க்கும் நகர விநியோகத்துக்கும் அனுமதி வழங்கும் அதிகாரம் சட்டத்தின் 16-ஆவது பிரிவில் இருந்தது. அந்தப் பிரிவை மட்டும் அரசு அமலுக்குக் கொண்டுவரவில்லை. வாரியம் ஏலம் நடத்தியது, விதிகள் எழுதியது, அனுமதி கொடுத்தது. 2010 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், 16-ஆவது பிரிவு அமலில் இல்லாமல் அனுமதி கொடுக்க வாரியத்துக்கு அதிகாரமே இல்லை என்றது. ஜூலையில்தான் அரசு பிரிவை அறிவித்தது. மூன்று ஆண்டு வேலை அந்தரத்தில் தொங்கியது.

அடுத்த அடி 2015 ஜூலையில் விழுந்தது. டெல்லி நகர எரிவாயு நிறுவனத்தின் வழக்கில், நகர விநியோக வலைப்பின்னலின் கட்டணத்தையோ சில்லறை விலையையோ நிர்ணயிக்கும் அதிகாரம் சட்டத்தில் வாரியத்துக்குத் தரப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏகபோக உரிமை கொடுக்கலாம், ஆனால் ஏகபோகக்காரர் கேட்கும் விலையைக் கட்டுப்படுத்த முடியாது. இப்படி ஒரு வாரியம் எந்த நாட்டுக்கும் வரக் கூடாது.

எனவே சட்டத்தில் இவை வெளிப்படையாக, ஒரே நாளில் அமலுக்கு வரும்படி இருக்க வேண்டும்:

- அனுமதி கொடுக்க, ரத்து செய்ய, காலக்கெடு தவறினால் உத்தரவாதத் தொகையைப் பறிமுதல் செய்ய அதிகாரம்.
- ஏகபோகமாக இருக்கும் எல்லா வலைப்பின்னலுக்கும் கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரம். நெடுந்தூரக் குழாய், நகரக் குழாய் இரண்டும் இதில் அடக்கம்.
- கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கும் அதிகாரம்.
- உறுப்பினர்களின் பதவிக் காலம், நீக்கும் முறை, ஓய்வுக்குப் பின் அதே துறை நிறுவனத்தில் சேரத் தடை.
- வாரியத்துக்குத் துறைக் கட்டணத்திலிருந்து சொந்த வருமானம்.
- மேல்முறையீடு எங்கே, எத்தனை நாளில்.

கடைசி விஷயத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். இந்தியாவில் இந்த வாரியத்தின் முடிவுகள் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகின்றன. இருக்கும் அமைப்பைப் பயன்படுத்துவது சிறிய நாட்டுக்குச் செலவு மிச்சம். ஆனால் அங்கே எரிவாயு தெரிந்த ஒரு தொழில்நுட்ப உறுப்பினராவது உட்கார வேண்டும்.

படி 4: குழாய், நிலம், கட்டணம்

இந்தியாவில் குழாய்க்கு நிலத்தை வாங்குவதில்லை. 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தடியில் பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுக்கிறார்கள். நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கும். இழப்பீடு சந்தை மதிப்பில் 10 சதவீதம், பயிர்ச் சேதம் தனி. ஆனால் அந்த 20 மீட்டர் பட்டையில் மரம் நட முடியாது, கிணறு வெட்ட முடியாது, வீடு கட்ட முடியாது. ஐந்து ஏக்கர்க்காரர் வயலின் நடுவே குறுக்காகப் போனால் மீதி நிலத்தின் விலையும் விழுகிறது. காகிதத்தில் 'உரிமை உங்களுடையதே' என்பது அவருக்கு என்ன ஆறுதல்?

கொச்சியிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரு போக வேண்டிய 310 கி.மீ. இங்கேதான் நின்றது. விவசாயிகள் எதிர்த்தார்கள். 2013-இல் தமிழக அரசு, நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது. கெயில் நீதிமன்றம் போனது. 2016-இல் உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கில் வென்ற பிறகும் ஆண்டுக்கணக்கில் குழாய் மண்ணில் இறங்கவில்லை. படி 1-இல் சொன்ன பெரிய வாங்குநர்கள் திருப்பூர், சேலம் பக்கமும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

என் பரிந்துரை: வழித்தடம் முடிவாகும் முன்பே ஊர்க் கூட்டம். சாலை ஓரம், மின்கம்பித் தடம் போன்ற ஏற்கெனவே இருக்கும் பட்டைகளுக்கு முதலிடம். இழப்பீட்டை ஒரே தவணையாக இல்லாமல் ஆண்டு வாடகையாகக் கொடுப்பது. கூடுதல் செலவு வரும், ஆனால் ஆறு ஆண்டுத் தாமதத்தின் வட்டியோடு ஒப்பிட்டால் அது பெரிதாகத் தெரியாது. நெடுவாசலில் 2017-இல் நடந்த ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டத்தையும், காவிரி டெல்டாவை 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த சட்டத்தையும் எரிவாயுத் துறையினர் இன்னும் சரியாகப் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன். அங்கே மக்கள் கேட்டது எண்ணெய்க்கிணறு வேண்டாம் என்பது. சமையலுக்குக் குழாய் வருவதை அந்த மக்கள் அதே வேகத்தில் எதிர்க்கவில்லை.

கட்டணக் கணக்கு எளிது. முதலீடும் நியாயமான லாபமும் ஒரு பக்கம், ஓடும் வாயுவின் அளவு மறுபக்கம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கட்டணம். ஒரு குழாய் ஆண்டுக்கு 400 கோடி ரூபாய் ஈட்ட வேண்டும் என்று வையுங்கள். நாளொன்றுக்கு ஒரு கோடி கன மீட்டர் ஓடினால் கன மீட்டருக்கு ஒரு ரூபாய் பத்து காசு. பத்து லட்சம்தான் ஓடினால் பதினோரு ரூபாய். வாயு குறைந்தால் கட்டணம் ஏறும், கட்டணம் ஏறினால் வாங்குநர் ஓடுவார், வாயு இன்னும் குறையும். இந்தச் சுழலைத் தடுக்க இந்திய வாரியம் ஒரு நல்ல வேலை செய்தது. முதல் ஆண்டில் 60 சதவீதம், ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி ஐந்தாம் ஆண்டில் 100 சதவீதம் குழாய் நிறைந்ததாக வைத்துத்தான் கட்டணத்தைக் கணக்கிடுவோம் என்றது. லாப விகிதம் வரிக்குப் பின் 12 சதவீதம். உண்மையில் குழாய் காலியாக இருந்தால் அந்தச் சுமை முதலீட்டாளருக்கு. ஆரம்பத்திலேயே வாங்குநரைத் தேட வைக்க இது போதுமான தூண்டுதல்.

இன்னொரு சிக்கல் தூரம். வாயு மூன்று குழாய்கள் மாறிப் போனால் மூன்று கட்டணம் சேரும். அதனால் குஜராத்துக்கு மலிவாகவும் கிழக்குக்கும் தெற்குக்கும் விலை கூடுதலாகவும் இருந்தது. 2023 ஏப்ரல் முதல் பெரும்பாலான முக்கியக் குழாய்களை ஒரே தொகுப்பாக்கி, 300 கி.மீ. வரை, 1,200 வரை, அதற்கு மேல் என மூன்று மண்டலக் கட்டணம் வந்தது. பக்கத்தில் இருப்பவர் தூரத்தில் இருப்பவருக்குக் கொஞ்சம் கொடுக்கிறார், அவ்வளவுதான். நாட்டின் பின்தங்கிய பகுதிக்கு வாயு போக வேண்டுமென்றால் இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்கலாம்.

படி 5: குழாய்க்காரர் வேறு, வியாபாரி வேறு

சந்தையின் உயிர் இந்த ஒரு பிரிவில் இருக்கிறது. சாலை வைத்திருப்பவரே லாரியும் வைத்திருந்தால், போட்டியாளரின் லாரிக்கு எப்போதும் ஏதாவது ஒரு கேட் மூடியிருக்கும். இந்தியாவில் கெயில் நெடுந்தூரக் குழாய்களில் பெரும்பங்கை நடத்துகிறது, வாயுவையும் விற்கிறது. இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக வந்து போகிறது. இதுவரை நடந்தது கணக்கை மட்டும் பிரித்ததுதான்.

எப்படிச் செய்வது? முதல் நாளே சொத்தைப் பிரிப்பது சிறந்தது. அரசு நிறுவனத்தைப் பிறகு பிரிப்பது அரசியல் போர். அது முடியாதென்றால் குறைந்தபட்சம் தனி நிறுவனம், தனி இயக்குநர் குழு, தனி அலுவலகக் கட்டடம் வேண்டும். கடைசியில் சொன்னதைச் சிரிப்பாக எடுக்காதீர்கள். யார் எவ்வளவு கொள்ளளவு முன்பதிவு செய்திருக்கிறார் என்ற தகவல் ஒரே கேன்டீனில் பரிமாறப்பட்டால் எல்லா விதியும் வீண். அப்புறம், காலிக் கொள்ளளவை இணையத்தில் தினமும் வெளியிட வேண்டும், முன்பதிவு செய்துவிட்டுப் பயன்படுத்தாதவரிடமிருந்து அந்த இடத்தைப் பறித்து விற்க வேண்டும். முனையத்துக்கும் இதே விதி பொருந்தும். மறந்துவிடாதீர்கள், முனையமும் ஒரு வாசல்தான்.

படி 6: உள்நாட்டு வாயுவின் விலை

இந்தியா இங்கேதான் அதிகம் அலைந்தது. 2014 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ரஷ்ய விலைகளின் சராசரியை வைத்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை விலை என்று ஒரு சூத்திரம் வந்தது. முதல் விலை 5.05 டாலர். வாயு உபரியாக உள்ள நாடுகளின் விலையை, வாயுவை இறக்குமதி செய்யும் நாட்டில் பொருத்தினால் என்ன ஆகும்? 2020 அக்டோபரில் 1.79 டாலர் ஆனது. தோண்டும் செலவே அதைவிட அதிகம் என்று உற்பத்தியாளர்கள் புலம்பினார்கள். 2022 அக்டோபரில் அதே சூத்திரம் 8.57 டாலருக்குக் கொண்டுபோனது. இப்போது வாங்குநர்கள் புலம்பினார்கள்.

அரசு அமைத்த கிரித் பாரிக் குழுவின் பரிந்துரைக்குப் பின் 2023 ஏப்ரலில் சூத்திரம் மாறியது. இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் விலையில் 10 சதவீதம், மாதாமாதம் அறிவிப்பு. அரசு நிறுவனங்களின் பழைய வயல்களுக்குக் குறைந்தபட்சம் 4 டாலர், தொடக்கத்தில் அதிகபட்சம் 6.50 டாலர், அந்த உச்சமும் 2025 முதல் மெல்ல ஏறுகிறது. ஆழ்கடல், உயர் அழுத்த வயல்களுக்கு 2016 முதலே தனி உச்சவரம்பு இருக்கிறது.

தரையும் கூரையும் வைத்த பழைய வயல் விலை, சந்தை விலையில் புது வயல். இந்த இரட்டை முறை இடைக்காலத்துக்குப் பரவாயில்லை. ஆனால் மலிவு வாயு யாருக்கு என்று அரசு பட்டியல் போடும் வரை அந்தப் பட்டியலில் இடம்பிடிக்கும் போட்டிதான் நடக்கும், சந்தைப் போட்டி நடக்காது. 2010-இல், கிருஷ்ணா கோதாவரி வாயு பற்றிய அம்பானி சகோதரர்கள் வழக்கில், வாயு நாட்டுக்குச் சொந்தம், ஒதுக்கீட்டுக் கொள்கை அரசுடையது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டப்படி சரி. சந்தை வேண்டுமென்றால் அந்த ஒதுக்கீட்டுப் பட்டியலுக்கு ஒரு முடிவுத் தேதியும் எழுதுங்கள்.

படி 7: நகர எரிவாயு ஏலம்

ஏலத்தில் எதைக் கேட்கிறீர்களோ அதைத்தான் தருவார்கள். முதல் சுற்றுகளில் குறைந்த கட்டணம் கேட்டவருக்கு நகரம் என்று விதி. சிலர் ஒரு பைசா என்று கேட்டு வென்றார்கள். லாபத்தை வாயு விலையில் எடுத்துக்கொள்ளலாமே! 2018-இல் ஒன்பதாவது சுற்றில் விதி மாறி, எட்டு ஆண்டில் எத்தனை வீட்டு இணைப்பு, எத்தனை சி.என்.ஜி. பம்பு, எவ்வளவு குழாய் என்ற வாக்குறுதிக்கு மதிப்பெண் வந்தது. இப்போது வாக்குறுதிகள் லட்சக்கணக்கில் வீங்கின. நாடு முழுக்கக் குழாய் இணைப்பு இருப்பதோ சுமார் ஒன்றரைக் கோடி வீடுகளுக்கு. சிலிண்டர் இணைப்பு 30 கோடிக்கு மேல்.

நான் ஏல விதி எழுதினால் கட்டணம், இணைப்பு இரண்டையும் பாதி பாதியாக வைப்பேன். வாக்குறுதிக்கு அந்த ஊரின் வீட்டுத் தொகையை வைத்து உச்சவரம்பு போடுவேன். ஆண்டுக்கு ஆண்டு இலக்கு தவறினால் தானாக அபராதம். தனியுரிமை எந்தத் தேதியில் முடியும் என்பதும் உரிமத்திலேயே இருக்க வேண்டும். இந்தியாவில் தனியுரிமை முடிந்த நகரங்களைத் திறக்க வாரியம் முயன்றபோது விஷயம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது.

படி 8: பாதுகாப்பு

2014 ஜூன் 27 விடியற்காலை, ஆந்திரத்தின் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் என்ற கிராமத்தில் எரிவாயுக் குழாய் கசிந்து தீப்பற்றியது. இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். உலர்ந்த வாயுவுக்காகப் போட்ட குழாயில் தண்ணீரும் திரவக் கழிவும் கலந்த வாயு ஓடி, உள்ளிருந்தே இரும்பை அரித்திருக்கிறது. வாயுவின் தரத்தை நுழைவாயிலில் அளந்து, தரமற்றதைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் குழாய் நடத்துநருக்கு வேண்டும். வணிகப் பிரிவு 'எப்படியாவது ஓட்டுங்கள்' என்று சொல்ல முடியாத இடத்தில், அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தும் அதிகாரி இருக்க வேண்டும். படி 5 இங்கேயும் உதவும்.

நகரத்தில் பெரிய எதிரி ஜே.சி.பி. வீதியில் ஓடும் பிளாஸ்டிக் குழாயில் அழுத்தம் 4 பார், அடுப்புக்கு வரும்போது வெறும் 21 மில்லிபார். நடுவில் ஒரு தோண்டல் போதும். சாலை வெட்டும் முன் ஒரே எண்ணுக்குப் போன் செய்து குழாய் வரைபடம் கேட்பதைச் சட்டமாக்குங்கள். வாயுவுக்கு நாற்றம் சேர்க்கும் மெர்காப்டன் அளவைச் சோதிப்பதையும் நிறுவனத்திடம் மட்டும் விடாதீர்கள்.

படி 9: வரியைச் சரிசெய்து, பிறகு பரிமாற்றச் சந்தை

ஒரு உதாரணக் கணக்கு. கப்பலில் வரும் வாயு 10 டாலர், டாலர் 85 ரூபாய் என்றால் 850. சுங்கம் சுமார் 22, முனையக் கட்டணம் 60, குழாய் 74. ஆக 1,006. மாநில வாட் வரி 14 சதவீதம் என்றால் இன்னும் 141. ஆலை வாசலில் 1,147 ரூபாய், அதாவது பதின்மூன்றரை டாலர். இயற்கை எரிவாயு இன்றும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்பதால், ஆலைக்காரர் இந்த வாட் வரியைத் தன் பொருளின் ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ள முடியாது. ஃபர்னஸ் ஆயிலுக்கும் நிலக்கரிக்கும் கழித்துக்கொள்ளலாம். சுத்தமான எரிபொருளுக்கு இந்தத் தண்டனை ஏன்? மாநிலங்களுக்கு வருமான இழப்பு என்பதுதான் பதில். புதிதாகத் தொடங்கும் நாடு இந்தக் குழியில் விழவே வேண்டாம்.

2020 ஜூன் 15-இல் இந்திய எரிவாயுப் பரிமாற்றச் சந்தை தொடங்கியது. நல்ல முயற்சி, ஆனால் அதில் கைமாறுவது நாட்டு நுகர்வில் இன்னும் சிறு பங்குதான். முந்தைய படிகளைப் பார்த்தால் காரணம் புரியும். ஒதுக்கீட்டில் போகும் வாயு சந்தைக்கு வராது. குழாயில் இடம் கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லாதவர் வாங்க மாட்டார். மாநில எல்லை தாண்டினால் வரி மாறுகிறது. திரையும் மென்பொருளும் வாங்குவது ஆறு மாத வேலை. பல விற்பனையாளர்களும் திறந்த குழாயும் சேர்ந்த பிறகே இதில் இறங்குங்கள்.

படி 10: ஒப்பந்தத்தின் ஆயுளைச் சுருக்குங்கள்

முன்பெல்லாம் எரிவாயு மின்சாரம் நாள் முழுக்க ஓடும் என்று கணக்குப் போட்டார்கள். சூரிய மின்சாரம் மலிந்த பிறகு பகலில் அதற்கு வேலை இல்லை. 2024 கோடையில் இந்திய அரசு மின்சாரச் சட்டத்தின் 11-ஆவது பிரிவைப் பயன்படுத்தி, மே, ஜூன் மாதங்களில் எரிவாயு நிலையங்களைத் தயாராக வைத்திருக்கச் சொன்னது. மாலையில் ஏசியும் விளக்கும் ஒரே நேரத்தில் எரியும் சில மணி நேரத்துக்குத்தான் அவை தேவைப்பட்டன.

ஆகவே மின்சாரத்துக்கு வாங்கும் எல்.என்.ஜி.யை 25 ஆண்டு, ஆண்டு முழுக்க ஒரே அளவு என்று எழுதாதீர்கள். பத்து ஆண்டு, கோடை மாதங்களில் கூடுதல், மழைக்காலத்தில் குறைவு, வேண்டாத கப்பலை வேறு துறைமுகத்துக்குத் திருப்பி விற்கும் உரிமை என்று கேளுங்கள். விலையில் கொஞ்சம் கூடுதல் கேட்பார்கள், கொடுக்கலாம். மின் நிலையத்துக்கு ஓடிய யூனிட்டுக்கு மட்டும் பணம் தராமல், தயாராக நின்றதற்கும் ஒரு தொகையை மின்வாரியம் கட்ட வேண்டும். அந்தத் தொகையை யார் கட்டுவது என்பதை முனையத்துக்கு அடிக்கல் நாட்டும் முன்பே நிதித்துறையோடு உட்கார்ந்து பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.